பண்டாரவளைக் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும்

ஊவாவின் கற்கால மாந்தர் யாண்டு உறைந்தனர் என்னும் வினாவிற்குக் குன்றுச்சிகளே விடையெனப் பலர் கூறுவர். அவ்விடைக்கு அடிப்படையான சான்றுகளை ஆராய்தல் தகும்.

போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் சுவிஸ் அறிஞர் இருவரும் 1907இல் ஊவாவின் நில்கலைக் குகையில் அகழ்ந்து கற்கருவிகளைக் கண்டு, அவற்றை வேடரின் முன்னோர்க்கு உரியனவாக்கினர். பின்னர் ஹார்ட்லி, பண்டாரவளைக் குன்றுகளில் வெண்படிகக் கல்லாலாய நுண்கருவிகளைப் பெருந்தொகையாகத் திரட்டி, 1913, 1914ஆம் ஆண்டுகளில் விவரித்தார். பிறை வடிவும் முக்கோண வடிவும் உடைய அச்சிறு கருவிகள் தற்செயலாய்ச் சிதறிய சில்லுகள் அல்ல. தேர்ந்த கைவினை என்பதை உலகு ஏற்றது. இது அவர்தம் அரும்பணி. 1958இல் பிரிட்ஜெட் ஆல்ச்சின் இலங்கைக் கருவிகளைத் திருநெல்வேலித் தேரி மணலிற் கிடைத்தவற்றோடு வைத்து நோக்கியமை இவ்வாய்வை மேலும் விரித்தது.

எனினும், கருவி கிடைத்த இடமே குடியிருந்த இடமென முடிவு செய்தல் பொருந்தாது. பத்தனைப் புல்வெளிகளில் மண் மெல்லியது. மழையால் அரிபட்டுக் கல் வெளிப்படும். பாதை அமைத்தலும் தோட்டங்களிற் கான் வெட்டுதலும் புதைந்தவற்றை மேற்கொணரும். பள்ளத்தாக்கிலோ, மேலிருந்து இழிந்த மண்ணும் வயல் வரம்புகளும் பழைய தரையை மூடிக் கிடக்கின்றன. ஆகவே, குன்றுகளின் சிறப்பு ஓரளவு தேடியவரின் கண்ணுக்கு எட்டிய சிறப்பேயாம். மலைநாட்டின் புளித்த மண்ணில் எலும்பு நிலைத்தலும் அரிது. எனவே கருவியைச் செய்தவரைப் பற்றி அக்குன்றுகள் பேசுவது சிறிதே.

இதற்கு மாறாக, மலைநாட்டின் தென்னடிவாரத்துப் பெல்லன்பந்திப் பலஸ்ஸவைக் காண்க. வெட்டவெளியான அவ்விடத்தில் பி. இ. பி. தெரணியகல 1956 தொடங்கி நிகழ்த்திய அகழ்வில், மனித எலும்புக்கூடுகளும் கற்கருவிகளும் ஒருங்கே கிடைத்தன. தாழ்நிலத்தைத் தோண்டினார்க்கே தாழ்நிலம் விடை தந்தது.

மலைநாட்டு மண்ணை நூறாண்டுக்கு மேலாகக் கிளறியவர் தோட்டத் தொழிலாளர். அவர்தம் மண்வெட்டி எத்தனை கற்கருவிகளைப் புரட்டியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. பெட்டியில் வைத்த கல் அழகுப் பொருள். கிடந்த இடமும் ஆழமும் குறித்த கல்லே வரலாறு. ஆதலின், கான் ஓரத்தில் வெண்கல் ஒன்றைக் காணும் மாணவன் அதனை எடுத்தேகாது, இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பானாயின், பெருநூல்கள் விட்ட குறையை நிரப்பத் தொடங்கியவனாவான்.