நெய்யாற்றுக் கல்லும் சாமித்தோப்புக் கண்ணாடியும்

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த எல்லைக்கோடு கிடையாது. அன்றுதான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஆன்மிக வரலாற்று ஆய்வும் அந்தக் கோட்டிலேயே பிளந்துபோனது. அய்யா வைகுண்டரைப் பற்றிப் பெரும்பாலும் தமிழில் எழுதுகிறார்கள், நாராயண குருவைப் பற்றி மலையாளத்தில். இருவரையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு ஒன்று பளிச்செனப் படும்: இந்த மண்ணில் தெய்வ தரிசனம் அன்றாடப் புழங்குபொருள்களின் வழியாகவே வந்திருக்கிறது.

நெய்யாற்றின்கரைக்கு அருகே உள்ளது அருவிப்புறம். 1888 சிவராத்திரியன்று நாராயண குரு நெய்யாற்றின் சங்கரன்குழியில் மூழ்கி, ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். சிற்பியின் உளி படாத கல். அவர் பிறந்த ஈழவச் சாதியினர் கோயில் நடைக்கே நெருங்க முடியாத காலம் அது. யார் வேண்டுமானாலும் குனிந்து எடுக்கக்கூடிய ஆற்றுக் கல்லில் அவர் இறைவனைக் கண்டது அந்தக் கோயில் கதவுகளுக்கெல்லாம் விடையாக அமைந்தது. அவருக்கு யோகம் கற்பித்த தைக்காடு அய்யா தமிழர், குடும்பஸ்தர். திருவனந்தபுரம் ரெசிடென்சியில் சம்பளத்துக்கு மேலாளர் வேலை பார்த்தவர். அலுவலகம் போய்வந்துகொண்டே குருவாக இருக்க முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று இந்த வட்டாரத்தில் இல்லை.

தெற்கே வந்தால் வைகுண்டர் (1809–1851). 1833இல் திருச்செந்தூர்க் கடலில் அவர் அடைந்ததாக நம்பப்படும் தெய்விக மாற்றத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது துவையல் தவசு. கன்னியாகுமரிக்கு அருகே வாகைப்பதியில் ஏறத்தாழ 700 குடும்பங்கள் கூடித் தங்கியதாக மரபு சொல்கிறது. நாள்தோறும் மூன்று வேளை குளித்தார்கள், துணி துவைத்தார்கள், பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி ஒரு வேளை மட்டும் உண்டார்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்கள், துணி துவைப்பதையே தவமாக ஏற்றார்கள்! அவர்களுடைய சொந்த உடல் அவர்கள் கண்முன்னே புனிதமாயிற்று. வைகுண்டரின் ஊரான சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீர் மொண்டு குளித்ததும், ஆண்கள் தலைப்பாகை கட்டி வழிபட்டதும் இதே வரிசையில் வருபவை. அங்கே கருவறையில் நிலைக்கண்ணாடி; கும்பிட வந்தவர் தம் முகத்தையே பார்த்துக் கும்பிடுகிறார்.

1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் நாராயண குருவும் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததா என்று வழக்காடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே திருவிதாங்கூர் ஒடுக்குமுறைக்குள்ளிருந்து இரண்டு முறை இந்தக் கண்ணாடி எழுந்தது என்பதே பெரிய செய்தி.

ஆய்வுலகம் இதை எப்படிப் பார்த்தது? பாறசாலையிலும் நெய்யூரிலும் நிலையங்கள் வைத்திருந்த லண்டன் மிஷன் சங்கத்தார், 19ஆம் நூற்றாண்டு அறிக்கைகளில் முத்துக்குட்டி என்று அவர்கள் அழைத்த வைகுண்டரின் கூட்டத்தைத் தம் வேலைக்குத் தடையென்று குறித்தார்கள். அந்த அறிக்கைகளையும் வைகுண்டர் வழியினரின் மறைநூலான அகிலத்திரட்டையும் சேர்த்து வாசித்து, ஒடுக்கப்பட்டோரின் செயலாற்றலாக அந்த இயக்கத்தை விளக்கியது ஜி. பாட்ரிக்கின் 2003ஆம் ஆண்டு நூல். முக்கியமான வேலை. ஆனாலும் பொதுவாக நம் எழுத்து சீர்திருத்தம், அற்புதம் என்ற இரண்டு பெட்டிகளையே வைத்திருக்கிறது. துவைத்த கையும் நீர் மொண்ட கையும் என்ன உணர்ந்தன என்ற கேள்வி இரண்டிலும் அடங்காமல் வெளியே நிற்கிறது.

மேலைநாட்டு அளவுகோலும் இங்கே போதாது. வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்பொழிவுகளில், தனிமனிதர் தம் தனிமையில் அடையும் அனுபவத்தையே சமயத்தின் மையமாக வைத்தார். வாகைப்பதியின் அனுபவம் கூட்டத்தில், குழந்தைகளின் நடுவே, அடுப்படியில் கிடைத்தது. அதனால் அது ஆழம் குறைந்ததென்று சொல்ல என்னால் முடியாது.

வைகுண்டர் வழியினரின் சிறு வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்கள் இன்றும் இயங்குகின்றன. அங்கே பொங்கிப் பரிமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒருசேரப் பேசும் முதியவர்கள் இருக்கும்போதே, குறிப்பாகப் பெண்களிடம், இரண்டு மொழியிலும் கேட்டுப் பதிவு செய்யும் களப்பணி தொடங்க வேண்டும். தலைவர்களின் வரலாற்றில் அந்தப் பெண்களுக்கு இதுவரை ஒரு பக்கம்கூடச் சரியாக ஒதுக்கப்படவில்லை.