கைக்கு இசைந்த கம்பு

தென்காசிப் பக்கம் சிலம்பக் கம்பு தேர்பவர் எடையை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அதன் சமநிலையை. நெற்றி உயரத்துக்கு, ஏறக்குறைய 5½ அடிக்கு வெட்டிய கல்மூங்கிலை விரல்மேல் கிடத்தினால் அது நட்டநடுவில் நிற்காது. பருத்த அடிப்பக்கமாகவே தள்ளி நிற்கும். அந்த இடம் கைக்குப் பழகினால்தான் சுழற்றும்போது மணிக்கட்டு வலிக்காது. கனத்த கம்பில்தானே அடி பலமாக விழும் என்று கேட்கலாம். ஒரே அடிக்கு அது சரி. ஆனால் கனம் கூடக்கூட வேகம் குறையும், அடுத்த வீச்சும் பிந்தும். பிரம்பு லேசானதுதான், ஆனால் வளைந்து கொடுக்கும். மோதலில் தேவையான விறைப்பு மூங்கிலில்தான் கிடைக்கும். கணுச் சீவி, அனல் காட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசிய கம்பு உள்ளங்கையில் வழுவழுவென்று ஓடுவது தனிச் சுகம். தரையில் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். உள்ளே வெடிப்பிருந்தால் அந்த ஒலி மழுங்கிவிடும்.