அலமாரியிலிருந்து வங்கிக்கு

1974 பிப்ரவரி 4 இரவு, பெர்க்லியில் தன் குடியிருப்பில் இருந்த 19 வயது பாட்டி ஹெர்ஸ்டைத் தூக்கிப்போனது சிம்பியோனீஸ் விடுதலைப் படை என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் பேத்தி அவர். கண்ணைக் கட்டி, வாரக்கணக்கில் துணி அலமாரிக்குள் அடைத்து வைத்தார்கள். ஏப்ரல் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஹைபர்னியா வங்கிக் கொள்ளையில், கையில் துப்பாக்கியோடு கேமராவில் பதிவானார். அதற்குள் பெயரும் தான்யா என்று மாறியிருந்தது.

கைதாகி வழக்கு வந்தபோது, மூளைச்சலவை என்றார் அவரது வழக்கறிஞர் எஃப். லீ பெய்லி. மனமாரச் சேர்ந்தார் என்றது அரசுத் தரப்பு; கைதானபோது கைப்பையில் இருந்த சின்னக் கல் குரங்கை எடுத்து நீட்டியது. குழுவின் வில்லி உல்ஃப் கொடுத்தது. உல்ஃப் தன்னை வன்புணர்ந்ததாக ஹெர்ஸ்ட் சாட்சி சொல்லியிருந்தார். வெறுத்தவன் கொடுத்ததை எந்தப் பெண் பத்திரமாக வைத்திருப்பாள் என்று மடக்கினார்கள். கொள்ளை வழக்கில் காதலைத் துழாவுவது ஊர்ப் பஞ்சாயத்து வேலை. 1976 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

அரசுத் தரப்பிடம் இருந்த உருப்படியான சான்று வேறு. கொள்ளை நடந்த அடுத்த மாதம், 1974 மே 16 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒரு கடைக்கு எதிரே வேனில் தனியாக உட்கார்ந்திருந்த ஹெர்ஸ்ட், ஓடிப்போகவில்லை. கடைக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட, குழுவைச் சேர்ந்த ஹாரிஸ் தம்பதியை விடுவிக்கத் துப்பாக்கியால் சுட்டார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அலமாரியை விட்டு வெளியே வந்து சில வாரங்களே ஆனவரின் ‘விருப்பம்’ எதுவென்று யார் அளப்பது? ஹைபர்னியாவுக்காக அவரைத் தண்டித்தது தவறு என்பதே என் முடிவு.

இந்த ஒருத்தியைப் பற்றிய வழக்காடலில் மற்றவர்கள் மறைந்துபோனார்கள். தலைவர் டொனால்ட் டிஃப்ரீஸ் ஆண்தான். ஆனால் கடத்தலின்போது வெளியே இருந்த எட்டுப் பேரில் ஐவர் பெண்கள். நான்சி லிங் பெர்ரி அறிக்கை எழுதியவர். இவர்களை யாரும் அலமாரியில் பூட்டவில்லை. நாமும் ராஜீவ் காந்தியைக் கொன்ற தணுவைப் பற்றிப் பேசினால், அந்தச் சதியை நடத்திய சிவராசன் ஆட்டுவித்தார் என்போம், இல்லையேல் அவளுக்கு என்ன கொடுமை நடந்ததோ என்போம். அவளுக்கென்று ஓர் அரசியல் இருந்ததா என்று கேட்பதில்லை.

1975 ஏப்ரல் 21 அன்று, சாக்ரமெண்டோ அருகே கார்மைக்கேலில், தேவாலயக் காணிக்கையை வங்கியில் கட்ட வந்த மிர்னா ஓப்சால் இதே குழு நடத்திய கொள்ளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு பிள்ளைகளின் தாய். தப்பிக்கும் கார்களில் ஒன்றை ஓட்டியதாக ஹெர்ஸ்டே பின்னர் எழுதினார். அதற்காக அவர்மேல் வழக்கே வரவில்லை. ஹைபர்னியா வழக்கின் தண்டனையை அதிபர் கார்ட்டர் 1979-இல் குறைத்தார், அதிபர் கிளிண்டன் 2001-இல் மன்னித்தார். ஓப்சாலைச் சுட்ட எமிலி ஹாரிஸ் 2002-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூளைச்சலவை என்று அவர் வாதாடவில்லை. துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றார்.