பதினெட்டு வயதோடு நின்றுபோகும் தொழில்

மலேசியாவின் பல் மருத்துவச் சட்டம் 2018, நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். பல் சிகிச்சையாளர்களுக்குப் பதிவு கிடைத்துவிட்டது, பல் டாக்டரின் மேற்பார்வையில் தனியார் கிளினிக்கிலும் வேலை பார்க்கலாம், இனி என்ன குறை என்கிறார்கள். பெரிய குறை இருக்கிறது.

சாதனையை மறுக்கவில்லை. நியூசிலாந்தின் பள்ளிப் பல் தாதி முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் இவர்களுக்கான பயிற்சி தொடங்கியது. பள்ளிக்கே வந்து வாயைத் திறக்கச் சொல்லி, சொத்தையை அடைத்துவிட்டுப் போன ‘மிஸி’ எனப்பட்ட பல் தாதிகளால் தோட்டப்புறப் பிள்ளைகள் பலரின் பல் பிழைத்தது. 1957இலேயே ஜொகூரில் குடிநீரில் ஃபுளோரைடு கலந்ததும் கைகொடுத்தது.

ஆனால், இந்தத் தொழிலைக் குழந்தையின் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டோம். பொதுவாக 18 வயதுக்கு உட்பட்டவர்களைத்தான் பல் சிகிச்சையாளர் தொடலாம். ஈறு நோயோ அதற்குப் பிறகுதான் முற்றுகிறது. 2010ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஏதாவதொரு ஈறுக் கோளாறு இருந்தது. நீரிழிவு மிகுந்த நம் இந்தியச் சமூகத்துக்கு இது இரட்டை அடி: சர்க்கரை ஈற்றைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும்.

கீழ் முன்பற்களின் உட்புறத்தில், உமிழ்நீர் சுரக்கும் இடத்தருகே, பற்காறை முதலில் படிகிறது. இறுகியபின் பிரஷ்ஷுக்கு அசையாது. ஈற்றின் அடிவரை கருவியை விட்டுச் சுரண்டத்தான் வேண்டும்; அதுதான் ஸ்கேலிங். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1906இல் தம் உதவியாளருக்கு இதைக் கற்றுக்கொடுத்துத்தான் பல் சுகாதாரத் தொழிலையே தொடங்கிவைத்தார். இங்கோ, அடைக்கவும் பிடுங்கவும் வேண்டிய டாக்டரே ஸ்கேலிங்குக்கும் உட்காருகிறார்.

பெரியவர்களைப் பார்க்கும் திறமை இவர்களுக்கு இல்லை என்ற வாதம் நிற்காது. மேற்பயிற்சி பெற்ற சிலர் அரசு நிபுணர் கிளினிக்குகளில் அதைத்தான் செய்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால், சிங்கப்பூரில் நன்யாங் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் பெரியவர்களுக்கும் ஸ்கேலிங் செய்கிறார்கள். ஜொகூர் பாருவில் மட்டும் அந்தக் கை என்ன நடுங்கியா போகும்? பயிற்சியும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. குறுக்கே நிற்பது தொழில் எல்லையைக் காக்கும் பிடிவாதம் என்றே எனக்குப் படுகிறது.

பதிவேட்டில் பெயர் ஏறியதற்கு விழா எடுத்தது போதும். பெரியவர்களின் ஈற்றைச் சுத்தம் செய்யும் உரிமையை அடிப்படைப் பயிற்சியிலேயே சேர்த்துச் சட்டத்தைத் திருத்துங்கள். அதுவரை இதை முழுத் தொழில் என்று சொல்லாதீர்கள்.