காஞ்சித் தறியில் வெகுசன உருவங்கள்

வெகுசனப் பண்பாடு, அதாவது அச்சு, திரைப்படம், விளம்பரம் ஆகியவற்றின் வழியே பெருந்திரளான மக்களிடம் பரவும் உருவங்களும் பெயர்களும், சமகாலக் கலைக்குள் நுழைந்த வரலாறு பொதுவாக 1962இல் ஆண்டி வார்ஹால் வரைந்த சூப்பு டப்பாக்களை முன்னிறுத்தியே சொல்லப்படுகிறது. தென்னிந்தியாவில் அதன் வேர் இன்னும் பழையது. ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அரண்மனை ஓவியங்களை எளியோர் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தது, கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் காலண்டர் படங்களால் அந்த மரபை வளர்த்தெடுத்தனர். இந்த உருவங்களைக் கேள்விக்கு உட்படுத்திய சமகாலப் படைப்புகளில், கலைஞர் என். புஷ்பமாலாவும் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியும் 2000க்கும் 2004க்கும் இடையில் உருவாக்கிய புகைப்படத் தொடர் முக்கியமானது. ரவிவர்மாவின் லட்சுமியாகவும் தமிழ்த் திரைப்பட நாயகியாகவும் புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கும் அப்படங்கள், தென்னிந்தியப் பெண் என்ற பிம்பம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை வெளிச்சமிடுகின்றன.

இதே உருவங்கள் காஞ்சிபுரத்தில் காட்சிக்கூடத்துக்குப் போகாமல் தறிக்கு வந்தன. சென்னை சில்க்ஸ் நிறுவனம் ரவிவர்மாவின் 11 ஓவியங்களைப் பட்டில் நெய்வித்து, ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய் விலையுள்ள சேலையாக்கியது பெரிதும் பேசப்பட்டது. இத்தகைய உருவங்களை நெய்ய உதவும் ஜக்கார்டு என்பது துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தேர்ந்து உயர்த்தும் கருவி. உருவம் நுணுகும் அளவுக்கு அட்டைகள் பெருகும். அவ்வகையில் அச்சேலை வியக்கத்தக்க உழைப்பே. ஆயினும் பட்டின் பளபளப்பை எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவந்து பெயர்பெற்ற ஓவியரைப் பட்டே திரும்ப நகலெடுக்கும்போது, தறி தன் மொழியை விட்டுத் தூரிகையின் மொழியைப் பேச முயல்கிறது.

இதனினும் ஆழமான சான்று ‘பாலும் பழமும் கட்டம்’. சிவாஜி கணேசனும் சரோஜா தேவியும் நடித்து 1961இல் வெளிவந்த அதே பெயருடைய படத்தோடு சேர்த்தே நினைக்கப்படும் இச்சிறு கட்டச் சேலை, எந்த முகத்தையும் எந்தக் காட்சியையும் சுமப்பதில்லை. நீளவாட்டில் செல்லும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் நிறங்களை மாற்றி மாற்றி வைப்பதால் மட்டுமே பிறக்கும் வடிவம் அது. கோர்வை முறையில் வேறு நிறக் கரையை உடலோடு இணைத்தால் காஞ்சிப் பட்டின் இலக்கணமும் குலைவதில்லை. திரைப்படம் பெயரையும் மோகத்தையும் தந்தது, வடிவம் தறிக்கே உரியதாக நின்றது. வெகுசனப் பண்பாட்டை உள்வாங்கிய கலை என்ற மதிப்பு, விலையுயர்ந்த ஓவியச் சேலையைவிட இதற்கே கூடுதலாகப் பொருந்தும்.

ஓவியருக்கும் தறிக்கும் தொடர்பே இருந்ததில்லை என்றும் கூற இயலாது. வங்க ஓவியர் ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறித் துணி வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். ஆனால் அவர் கலை வரலாற்றில் பேசப்படுவது ஓவியங்களுக்காகத்தான். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் கிடைத்த புவிசார் குறியீடும் ஊரின் பெயரையே காக்கிறது, வடிவத்தை வரைந்தவர் பெயரையோ நெய்தவர் பெயரையோ அன்று.