ஈராக் மீதான தடை: சாதித்ததும் சிதைத்ததும்

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி சதாம் உசேனின் படைகள் குவைத்தைப் பிடித்தன. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 661-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, ஈராக்கின் வாணிபத்தை அடியோடு நிறுத்தியது. மருந்துக்கு விலக்கு இருந்தது. உணவுக்கோ, நிலைமை மோசமானால் பார்க்கலாம் என்ற அளவில்தான். குவைத்தில் சிக்கியிருந்த இந்தியர்களுக்கு உணவு ஏற்றிய கப்பலை அனுப்பக்கூட இந்தியா ஐ.நா.வின் தடைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாணிபத் தடை 2003 மே மாதம்தான் விலகியது.

பொருளாதாரத் தடையே கூடாது என்போரின் கட்சியில் நான் இல்லை. வெறும் கண்டனத்துக்கும் போருக்கும் நடுவே உலகின் கையில் வேறு வலுவான கருவி கிடையாது. ஈராக்கிலும் அது வேலை செய்தது. குவைத்தை மீட்டது போர்தான். ஆனால் 1991 ஏப்ரலில் வந்த 687-ஆம் தீர்மானம் தடையை ஆயுத ஒழிப்போடு பிணைத்தது, ஐ.நா. ஆய்வாளர்கள் ஆயுதக் கிடங்குகளைத் தேடி அழித்தார்கள். எண்ணெய்ப் பணம் கைக்கு வராததால் சதாமால் அவற்றை மீண்டும் கட்ட முடியவில்லை. 2003 போருக்குப் பிறகு அமெரிக்காவே அனுப்பிய ஈராக் ஆய்வுக் குழு சல்லடை போட்டுத் தேடியும் பேரழிவு ஆயுத இருப்பு எதுவும் அகப்படவில்லை. தடையிலிருந்து விடுபடுவதே சதாமின் முதல் நோக்கமாக இருந்தது என்று 2004-இல் வெளியான அந்தக் குழுவின் அறிக்கை சொல்கிறது. தடை தோற்றது என்று வாதாடித் தொடங்கிய போர், அது பலித்திருந்ததை இப்படி நிரூபித்தது.

பிறகு எங்கே பிசகியது? தடையை விலக்கும் நிபந்தனையில்தான் என்பேன். ஆயுதங்கள் ஒழிந்தால் ஏற்றுமதித் தடை விலகும் என்றது 687-ஆம் தீர்மானம். சதாம் பதவியில் இருக்கும்வரை விலகாது என்ற தொனியில் வாஷிங்டன் பேசிவந்தது. 1997 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் அதை ஏறக்குறைய வெளிப்படையாகவே சொன்னார். இணங்கினாலும் பலனில்லை என்று தெரிந்தவன் எதற்காக இணங்குவான்? நடைமுறைச் சிக்கல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. காலக்கெடு இல்லாத தடையை விலக்கப் புதிதாக ஒரு தீர்மானம் வேண்டும். அதை ஒரே ஒரு வல்லரசு வீட்டோ போட்டு நிறுத்திவிடலாம். ஆக, உலகமே கூடிப் போட்ட தடை, ஒரு நாட்டின் விருப்பத்தால் நீடிக்கும் தடையாக மாறியது.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? 1990 செப்டம்பரிலேயே ஈராக் அரசு ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய், சோப்பு எல்லாம் தெருவோர மளிகைக்காரர் வழியாக வீட்டுக்கு வந்தன. முறை ஒழுங்காக நடந்ததாக ஐ.நா. அமைப்புகளே பாராட்டின. ஆனால் அதன் அரசியல் விளைவு நேர்மாறாக இருந்தது. முன்பு சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பம் இப்போது அடுத்த மாத மாவுக்கு சதாமின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. தினார் மதிப்பு சரிந்து, ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலர்களுக்குச் சுருங்கியது. பாக்தாதின் முத்தனபி தெருவில் படித்தவர்கள் தங்கள் நூலகங்களை நடைபாதையில் பரப்பி விற்றார்கள். எதிர்ப்புக் குரல் எழுப்பக்கூடிய அந்த நடுத்தர வர்க்கத்தைத்தான் தடை முதலில் நொறுக்கியது.

தடைக் குழுவில் கவுன்சிலின் 15 நாடுகளும் இருந்தன. கூட்டம் மூடிய அறையில் நடந்தது. எந்த ஒரு நாடும் ஓர் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கலாம், வாக்கெடுப்பு தேவையில்லை. குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின் ஆயுதமாகவும் ஆகலாம் என்ற சந்தேகத்துக்கு ஆளானது. 1991 குண்டுவீச்சில் மின்நிலையங்கள் சிதைந்து, கழிவுநீர் டைகிரிஸில் கலந்துகொண்டிருந்த நாட்டில் இது நடந்தது. எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க ஈராக்கை அனுமதித்த உணவுக்கு எண்ணெய் திட்டம் 1996 டிசம்பரில் தொடங்கிய பிறகும் நிறுத்திவைப்பு குறையவில்லை. 2002-இல் அப்படிக் கிடந்த சரக்கின் மதிப்பு 500 கோடி டாலரைத் தாண்டியது. ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பாளர் டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-இலும் பதவியைத் துறந்தார்கள்.

அந்தத் திட்டத்துக்குள்ளேயே சதாம் தனக்கும் வழி செய்துகொண்டார். 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவர் அரசுக்குக் கமிஷன் கொடுத்ததை 2005-இல் ஐ.நா. நியமித்த வோல்கர் விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. நம் அன்றைய வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் பதவி இழந்ததும் அந்த அறிக்கையால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தடையால் 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்ற கணக்கு இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. 2003-க்குப் பிறகு நடந்த கணக்கெடுப்புகளில் குழந்தை இறப்பில் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. பழைய தரவில் சதாம் அரசு கைவைத்ததாக ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். தடையை விமர்சிப்பவர்கள் இந்த எண்ணைக் கைவிட வேண்டும். தண்ணீரும் சம்பளமும் சொல்லும் சேதி போதாதா?

கவுன்சில் பாடம் கற்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2000 மே மாதம் எத்தியோப்பியா, எரித்திரியா மீது விதித்த ஆயுதத் தடைக்கு 12 மாதக் கெடு வைத்தது. நாட்டையே முடக்காமல் தலைவர்களின் சொத்தையும் பயணத்தையும் முடக்கும் முறை பரவியது. 2022 டிசம்பரில் வந்த 2664-ஆம் தீர்மானம் மனிதாபிமான உதவிக்குப் பொதுவிலக்கு அளித்தது. தலைமை நாற்காலியில் இருந்த இந்தியா மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. பயங்கரவாதக் குழுக்கள் விலக்கைப் பயன்படுத்திக்கொள்ளும் என்ற அதன் கவலையில் நியாயம் உண்டு. ஆனாலும் கப்பலுக்கு அனுமதி கேட்டு நின்ற நாடு ஆதரித்திருக்க வேண்டும்.

காலக்கெடுவுக்கும் ஆபத்து இருக்கிறது. வட கொரியத் தடைக்குக் கெடு இல்லை. அதைக் கண்காணித்த நிபுணர் குழுவுக்கு இருந்தது. 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டதால் அந்தக் குழு கலைந்தது. தடை மட்டும் நிற்கிறது. வீட்டோவால் தடையே காலாவதியாகிவிடும் என்ற அச்சம் பொய்யில்லை. எனினும் ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் எது நிறைவேறவில்லை, யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று சொல்லிப் புதுப்பிக்க வேண்டிய தடையையே நான் ஏற்பேன். ஈராக்கில் அந்தக் கேள்விக்கு 13 ஆண்டுகளாக யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.