கரித்தடம்

மாயாபந்தரில் காரின் சைலன்சரை இரண்டு எதிரிகள் தின்கிறார்கள். கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. புகையோடு வரும் நீராவி குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகி உள்ளிருந்து அரிக்கிறது. எங்கே ஓட்டை விழுந்தது என்று கண்டுபிடிக்கும் மெக்கானிக்கின் காது எனக்கு எப்போதும் வியப்பு.

அவர் இரவெல்லாம் ஆறிய எஞ்சினைத்தான் கேட்பார். முதல் ஸ்டார்ட்டில் மேனிஃபோல்டு பக்கம் ‘டிக் டிக்’ என்று அடிக்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கு அடைபட, சத்தம் அடங்கிவிடும். பிறகு கண்ணின் வேலை: கசியும் இணைப்பில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும். ஐயமிருந்தால், குழாய் ஆறியிருக்கும்போதே சோப்புத் தண்ணீர் தெளித்து, பின்வாயைத் துணியால் சற்றே அடைப்பார்; குமிழி இடத்தைச் சொல்லிவிடும்.

பழுதுபார்ப்பில் பொறுமைதான் பாதி வேலை. துருவேறிய ஸ்டட்டை அவசரப்பட்டுத் திருகினால் முறிந்துவிடும். எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பழைய பேக்கிங்கைத் துளி மிச்சமின்றிச் சுரண்டி, புதியதை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறிது சிறிதாக முடுக்குவதுதான் முறை. ஓட்டையில் பசை பூசி அனுப்புவதை நான் வேலையென்றே ஒப்பமாட்டேன்.

கசிவு வழியே காருக்குள் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அந்தமான் டிரங்க் ரோட்டில் ஸ்ரீவிஜயபுரம் போகும் வழியில் ஜராவா காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்த அனுமதியும் இல்லை. கிளம்புமுன் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, அந்த ‘டிக் டிக்’ சத்தம் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.